கிராமச் சுகாதார நிலையங்களில் மருந்து விநியோகம்: புளியங்குடிப் பிரதேசத்தை முன்னிட்டு ஒரு விசாரணை

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், எலுமிச்சைத் தோட்டங்களும் நெல்வயல்களும் சூழ அமைந்துள்ள புளியங்குடிப் பிரதேசத்தில், தென்மேற்குப் பருவத்தின் சாரலோடு சளியும் இருமலும், வடகிழக்குப் பருவமழைக்குப் பின் டெங்குவும், வயல்வேலை மிகும் நாட்களில் பாம்புக்கடியும் என, வியாதிகள் பெரும்பாலும் காலத்தை அனுசரித்தே வருகின்றன. ஆரம்ப சுகாதார நிலையங்களின் மருந்துத் தேவையும் அக்கால பேதத்தை அனுசரித்தே நிர்ணயிக்கப்பட வேண்டும் என்பது இக்கட்டுரையின் சித்தாந்தம்.

1994-இல் நிறுவப்பெற்ற தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், அத்தியாவசிய மருந்துகளுக்குப் பட்டியல் வகுத்து, ஒப்பந்தப்புள்ளி மூலம் மொத்தமாக வாங்கி, மாதிரிகளைச் சோதனைச் சாலைகளுக்கு அனுப்பித் தரம் கண்ட பின்னரே மாவட்டக் கிடங்குகளிலிருந்து வழங்கும் முறையை ஏற்படுத்தியது. பின்னர் கேரளமும் ராஜஸ்தானும் இதனைத் தழுவி அமைத்துக்கொண்டமையே இதன் சிறப்புக்குப் போதிய பிரமாணமாகும். ஆதலின் விலையும் தரமும் பற்றிய பிரச்சினை பெரும்பாலும் தீர்ந்தது. எவ்வளவு, எப்பொழுது என்னும் பிரச்சினையே எஞ்சி நிற்கிறது.

முந்தின ஆண்டின் செலவை ஆதாரமாகக் கொண்டு தேவையைக் கணிக்கும் வழக்கம், சர்க்கரை நோய்க்கும் ரத்தக் கொதிப்புக்கும் முற்றிலும் பொருந்தும்; ஏனெனில் அந்நோயாளிகள் மாதந்தோறும் அதே மாத்திரைகளையே உட்கொள்ளுகின்றனர். பருவ வியாதிகளில் நிலைமை வேறு. இருப்புத் தீர்ந்துபோன மாதத்தில் மருந்து பெறாமல் திரும்பிய நோயாளி செலவுக் கணக்கில் இடம்பெறுவதில்லை. ஆகவே அம்மாதத்தின் பற்றாக்குறையே அடுத்த ஆண்டில் குறைந்த தேவையாகத் தோன்றி, குறை தன்னைத் தானே நீட்டித்துக்கொள்ளுகிறது.

2012-இல் திருநெல்வேலி மாவட்டத்தில் டெங்கு பரவியபோது, புளியங்குடிக்கு அண்மையிலுள்ள கடையநல்லூர் பெரிதும் துன்புற்றது. அந்நோய்க்கெனப் பிரத்தியேக ஔஷதம் இன்மையால், பாரசிட்டமால், உப்புச்சர்க்கரைக் கரைசல், நரம்பு வழி ஏற்றும் குளுக்கோஸ், சலைன் ஆகியவற்றின் தட்டில்லாத இருப்பும், ரத்தத் தட்டணுக்களை எண்ணும் வசதியுமே சிகிச்சையின் உயிர்நாடி. உண்ணிக் காய்ச்சலுக்கோ மலிவான டாக்சிசைக்ளின் காலத்தில் கிடைத்தால் போதும். தாமதித்தால் அது நுரையீரலையும் சிறுநீரகத்தையும் தாக்கவல்லது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்னும் நான்கின் விஷத்துக்கும் ஒரே முறிவு மருந்து பயன்படுமாயினும், அது தொலைவிலுள்ள பெரிய மருத்துவமனையில் மட்டும் இருப்பின், வழியில் கழியும் நேரமே உயிருக்கு அபாயமாகிறது.

பருவத்துக்கெனக் கூடுதலாக வைத்தால் மருந்து காலாவதியாகி வீணாகும் என்னும் ஆட்சேபம் அலட்சியப்படுத்தத் தக்கதன்று. ஆயினும் மேற்கூறிய மருந்துகள் எண்ணிக்கையில் சிலவே. பருவம் முடிந்ததும் மிகுதியைத் தேவையுள்ள அண்டை நிலையங்களுக்கு மாற்றி வழங்க இயலும். இல்லையென்று கூறி நோயாளியைத் திருப்பியனுப்ப நேர்ந்த ஒவ்வொரு மருந்தையும் மருந்தாளுநர் தனியே குறித்துவைத்து, அக்குறிப்பையும் நோய்ப் பதிவேட்டையும் சேர்த்தே மருத்துவ அலுவலர் தேவைப்பட்டியலைத் தயாரிக்க வேண்டும். இதற்குப் புதிய ஸ்தாபனமோ பெரும் பொருட்செலவோ வேண்டுவதில்லை. சுகாதாரத் துறை இதனை அடுத்த பருவமழைக்கு முன்பே விதியாக்குதல் அவசியம்.