ஹெட்மாஸ்டர் எழுதிய பிறந்த தேதி

மலர்க் குழுவிலிருந்து நண்பர் போன் செய்து, "நீயும் ஏதாவது எழுதிக் குடுப்பா" என்று கேட்டபோது, ஹாஸ்டல் மெஸ் சாம்பாரைப் பற்றி எழுதிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அதை எழுத இந்நேரம் பத்துப் பேர் கிளம்பியிருப்பார்கள் என்பதால் விட்டுவிட்டேன். நான் எழுதப்போவது சிறுவர் நீதிமன்றங்களின் வரலாற்றைப் பற்றி. சிவில் படித்தவனுக்கும் இதுக்கும் என்னப்பா சம்பந்தம் என்று கேட்கும் நண்பர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும். சம்பந்தம் இருக்கிறது. ஆனால் பேச்சைத் தொடங்க வேண்டிய இடம் நம் ஹாஸ்டல்தான்.

எங்கள் விங்கில் இருந்தவர்களுக்கு நினைவிருக்கும். கம்பெனிகள் ஆள் எடுக்க வந்த சமயத்தில் எல்லோருடைய விவரங்களையும் ஒரே தாளில் எழுதினோம். பார்த்தால் முக்கால்வாசிப் பேர் மே மாதத்திலும் ஜூன் மாதத்திலும் பிறந்திருந்தார்கள்! லீவு மாதங்கள் என்பதால் ஒருத்தனிடமும் நாங்கள் ட்ரீட் கேட்டதில்லை. "நான் நெஜமா பொறந்தது கார்த்திகையிலடா, இது ஹெட்மாஸ்டர் போட்ட தேதி" என்று ஒருவன் ஒப்புக்கொள்ள, பிறகு ஒவ்வொருவனாக வாயைத் திறந்தான். கிராமத்துப் பள்ளியில் சேர்ந்த எல்லோருக்கும் ஒரே கதை. வலது கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் இடது காதைத் தொடச் சொல்வார்கள். தொட்டுவிட்டால் அஞ்சு வயசு. ஜூன் மாதத்திலிருந்து ஐந்து ஆண்டைக் கழித்து ஹெட்மாஸ்டர் ஒரு தேதியை எழுதிவிடுவார். என் சர்டிபிகேட்டில் இருக்கும் தேதியும் அப்படி வந்ததுதான்.

இந்தத் தேதி ஒரு பையன் ஜெயிலில் இருப்பதா வேண்டாமா என்பதைத் தீர்மானிக்கும் என்று 2017 வரை எனக்குத் தெரியாது.

அந்த ஆண்டு செப்டம்பரில் ஓர் அடுக்குமாடிக் கட்டட வேலையில் சைட் இன்ஜினியராக இருந்தேன். ஊர்ப் பெயரும் கம்பெனிப் பெயரும் இங்கே வேண்டாம். சைட்டிலிருந்து தாமிரக் கேபிள் சுருள்கள் காணாமல் போயின. போலீஸ் வந்து மூன்று பேரைப் பிடித்துக்கொண்டு போனது. அதில் ஒருவன் கம்பி கட்டும் மேஸ்திரியிடம் எடுபிடியாக இருந்த பையன். மறுநாள் மூவரும் கிளைச் சிறையில் இருந்தார்கள். பையனின் அம்மா எங்களிடமே சித்தாளாக வேலை செய்தவர். என் ஷெட் வாசலில் வந்து நின்று, "சார், அவனுக்குப் பதினேழே ஆகலீங்க. பெரியவங்களோட சேத்து உள்ள போட்டுட்டாங்களே" என்றார்.

எஃப்.ஐ.ஆரில் வயது 19 என்று இருந்தது. அந்த 19 எங்கள் சைட்டின் தொழிலாளர் பதிவேட்டிலிருந்து போனது. பதினெட்டுக்குக் கீழே உள்ளவர்களை வைத்து வேலை வாங்கினால் வம்பு என்பதால், சப்-கான்ட்ராக்டரின் ஆள் எல்லாப் பையன்களுக்கும் 19, 20 என்று நிரப்பி வைத்திருந்தார். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் இருந்த கையெழுத்து என்னுடையது. படித்துப் பார்க்காமல் போட்ட கையெழுத்து.

சட்டப்பணிகள் ஆணைக்குழு மூலம் கிடைத்த வழக்கறிஞர் ஓர் அம்மையார். அவர் திருட்டைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "வயசுக்கு ஒரு பேப்பர் கொண்டு வாங்க சார், மத்ததை நான் பாத்துக்கறேன்" என்றார். ஒரு பேப்பருக்கு ஏன் இவ்வளவு மதிப்பு என்று அன்று தொடங்கிய வாசிப்பில் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

வெள்ளைக்காரன் 1860-ல் கொண்டுவந்த இந்திய தண்டனைச் சட்டம், ஏழு வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தை எதைச் செய்தாலும் குற்றமாகாது என்றது. ஏழிலிருந்து பன்னிரண்டுக்குள் என்றால், செய்வது என்னவென்று புரிந்துகொள்ளும் முதிர்ச்சி குழந்தைக்கு இருந்ததா என்று பார்க்க வேண்டும். 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்தில் வந்திருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவிலும் இந்த இரண்டு வயதுகளும் அப்படியேதான் இருக்கின்றன. பன்னிரண்டைத் தாண்டிவிட்டால் அந்தக் காலத்தில் பெரியவர்களுக்கான கோர்ட்தான். 1850-ல் வந்த தொழில் பழகுநர் சட்டமும், 1876-லும் 1897-லும் வந்த சீர்திருத்தப் பள்ளிச் சட்டங்களும் கொஞ்சம் வழி விட்டன. அவ்வளவே.

குழந்தைகளுக்கென்றே தனி நீதிமன்றம் என்ற யோசனை அமெரிக்காவில் சிகாகோ நகரில் 1899-ல் நடைமுறைக்கு வந்தது. பதினாறு வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களைத் தண்டிப்பதைவிடத் திருத்துவதே அந்த நீதிமன்றத்தின் நோக்கமாகச் சொல்லப்பட்டது. இங்கிலாந்து 1908-ல் குழந்தைகள் சட்டம் போட்டது. இங்கே 1919-20-ல் அமைந்த இந்தியச் சிறைகள் குழு, குழந்தைகளைச் சிறையில் போடக்கூடாது, அவர்களுக்குத் தனி நீதிமன்றம் வேண்டும் என்று பரிந்துரைத்தது. அதன் தலைவர் அலெக்சாண்டர் கார்டியூ, சென்னை மாகாண நிர்வாகத்தில் இருந்தவர்.

இந்த விஷயத்தில் நம்ம மெட்ராஸ்தான் முன்னோடி. நாட்டிலேயே முதலாவதாக 1920-ல் மதராஸ் குழந்தைகள் சட்டம் இங்கே நிறைவேறியது. வங்காளம் 1922-லும் பம்பாய் 1924-லும் பின்னால் வந்தன. சிறுவர்களைப் பெரியவர்களோடு சேர்க்காமல் தனியாக விசாரிக்கவும், சிறைக்குப் பதிலாகச் சான்று பெற்ற பள்ளிகளுக்கு அனுப்பித் தொழில் கற்றுத் தரவும் அந்தச் சட்டம் வழி செய்தது. செங்கல்பட்டுப் பக்கம் வளர்ந்தவர்களுக்குத் தெரிந்திருக்கும், "சொன்னபடி கேக்கலேன்னா செங்கல்பட்டு ஸ்கூல்ல சேத்துடுவேன்" என்று வீட்டில் மிரட்டுவார்கள். அந்த மிரட்டலுக்குப் பின்னால் இவ்வளவு பெரிய வரலாறு!

சுதந்திரத்துக்குப் பிறகும் நாடு முழுமைக்கும் ஒரே சட்டம் வரவில்லை. 1960-ல் நாடாளுமன்றம் இயற்றிய குழந்தைகள் சட்டம் யூனியன் பிரதேசங்களுக்கு மட்டும்தான். ஒரு மாநிலத்தில் குழந்தையாக இருந்தவன் ரயிலேறி அடுத்த மாநிலத்தில் இறங்கினால் குழந்தையாக இல்லாமல் போகலாம். ஷீலா பார்சே என்ற பத்திரிகையாளர் சிறைகளில் அடைபட்டிருக்கும் குழந்தைகளைப் பற்றி உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். 1986-ல் நீதிமன்றம், குழந்தைகளைச் சிறையில் வைக்கக்கூடாது, நாடு முழுதும் ஒரே மாதிரி சட்டம் வேண்டும் என்று சொன்னது. அந்த ஆண்டே சிறார் நீதிச் சட்டம் நிறைவேறி 1987 அக்டோபர் 2 அன்று அமலுக்கு வந்தது. அதில் ஆண் பிள்ளைகளுக்குப் பதினாறு, பெண் பிள்ளைகளுக்குப் பதினெட்டு. ஐ.நா.வின் குழந்தை உரிமை உடன்படிக்கையில் இந்தியா 1992-ல் சேர்ந்தது. பிறகு 2000-ல் புதுச் சட்டம் வந்து இருபாலருக்கும் பதினெட்டு என்று ஆனது.

பதினாறா, பதினெட்டா என்று இத்தனை வாதம் நடந்திருக்கிறதே, அந்த வயதை எப்படி அளப்பது? என் தொழில்புத்தி அங்கேதான் போய் நின்றது. எலும்பை எக்ஸ்ரே எடுத்து வயது சொல்லும் முறை இருக்கிறது. அதில் இரண்டு வயது முன்னேயும் பின்னேயும் தவறு வரலாம் என்று உச்ச நீதிமன்றமே 1982-ல் ஜெய மாலா வழக்கில் சொல்லியிருக்கிறது. அதாவது எக்ஸ்ரேயில் 18 என்று வந்தால் பையன் பதினாறாகவும் இருக்கலாம், இருபதாகவும் இருக்கலாம். இப்படி ஒரு டேப்பை வைத்துக்கொண்டு நான் காலம் மார்க் பண்ணினால் அன்றைக்கே வேலையை விட்டு அனுப்பிவிடுவார்கள்.

இன்னொரு சிக்கல், எந்தத் தேதியில் அளப்பது? சம்பவம் நடந்த அன்றா, கோர்ட்டில் நிறுத்திய அன்றா? 2000-ல் ஒரு தீர்ப்பு, கோர்ட்டில் நிறுத்திய அன்று என்றது. அப்படியானால் போலீஸ் பிடிக்கத் தாமதம் ஆக ஆகப் பையன் பெரியவனாகிக்கொண்டே போவான்! 2005-ல் பிரதாப் சிங் வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்ந்து, சம்பவம் நடந்த தேதியே கணக்கு என்று முடிவு செய்தார்கள். 2006-ல் சட்டத்தையும் திருத்தி, வயதுக் கேள்வியை எந்த நீதிமன்றத்திலும் எந்தக் கட்டத்திலும், வழக்கு முடிந்த பிறகும்கூட எழுப்பலாம் என்று எழுதிவிட்டார்கள். இந்த ஒரு திருத்தம் இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

2012 டிசம்பரில் டெல்லியில் நடந்த கொடுமையை யாரும் மறந்திருக்க முடியாது. குற்றவாளிகளில் ஒருவனுக்குப் பதினெட்டு நிரம்பச் சில மாதங்கள் பாக்கி. அதை நிரூபித்ததும் ஒரு பள்ளிப் பதிவுதான். எலும்புப் பரிசோதனை வேண்டாம் என்று வாரியம் சொல்லிவிட்டது. மூன்று ஆண்டுகள் சிறப்பு இல்லத்தில் இருந்துவிட்டு 2015 டிசம்பரில் அவன் வெளியே வந்தபோது நாடே கொதித்தது. எனக்கும் அன்று கோபம்தான், மறைக்க என்ன இருக்கிறது. அந்த வாரமே மாநிலங்களவையில் நிறைவேறி 2016 ஜனவரி 15-ல் அமலுக்கு வந்த புதுச் சட்டப்படி, குறைந்தபட்சம் ஏழாண்டு தண்டனைக்குரிய கொடுங்குற்றமாக இருந்தால், பதினாறு முடிந்தவர்களின் மனமுதிர்ச்சியை வாரியம் ஆராய்ந்து, பெரியவர்களைப் போல விசாரிக்க அனுப்பலாம். கோபத்தில் போட்ட சட்டம் என்றே இப்போது எனக்குப் படுகிறது. ஆனால் வயதை எப்படி நிரூபிப்பது என்று படிப்படியாகச் சொல்லும் 94-ஆம் பிரிவும் அதே சட்டத்தில்தான் இருக்கிறது. முதலில் பள்ளிச் சான்று அல்லது மெட்ரிக் சான்று. அது இல்லாவிட்டால் நகராட்சி, பஞ்சாயத்து கொடுக்கும் பிறப்புச் சான்று. இரண்டும் இல்லாவிட்டால்தான் எலும்பு. நம் ஹெட்மாஸ்டர் எக்ஸ்ரே மெஷினுக்கு முன்னால் நிற்கிறார்!

பையன் வீட்டில் பிறந்தவன், பிறப்புச் சான்று கிடையாது. ஆதார் இருந்தது. அது 94-ஆம் பிரிவில் இல்லை என்று வழக்கறிஞர் அம்மா சொல்லிவிட்டார். (ஆதார் வயதுக்கு ஆதாரம் ஆகாது என்று 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் ஒரு விபத்து வழக்கில் சொன்னது.) ஏழாவது வரை படித்திருக்கிறான். ஒருநாள் லீவு போட்டுவிட்டு அவன் அம்மாவோடு மூன்று பஸ் மாறி அந்தப் பள்ளிக்குப் போனேன். வழியெல்லாம் அவர் அதிகம் பேசவில்லை. என் கையெழுத்து விஷயத்தை அவரிடம் சொன்னேன். புரிந்ததா என்று தெரியவில்லை, "நீங்க என்னங்க சார் பண்ணுவீங்க" என்றார். அதைக் கேட்டது இன்னும் சங்கடமாக இருந்தது.

பீரோவுக்கு அடியிலிருந்து சேர்க்கைப் பதிவேட்டை எடுத்துத் தூசி தட்டினார் ஹெட்மாஸ்டர். ஓரமெல்லாம் கரையான். பையனின் வரி இருந்த பக்கம் தப்பித்திருந்தது. பிறந்த தேதி 15.5.2001. வயது 16 வருஷம் 4 மாதம். "பொங்கலுக்கு அடுத்த வாரம் பொறந்தானுங்க, மே மாசம் இல்லீங்களே" என்று அந்த அம்மா ஆரம்பிக்க, நான் அவசரமாக, "அம்மா, இதுவே இருக்கட்டும்" என்றேன். ஹெட்மாஸ்டர் சிரித்துக்கொண்டே சான்று எழுதி சீல் வைத்துக் கொடுத்தார்.

மாஜிஸ்திரேட் அதைப் பார்த்துவிட்டுப் பையனைச் சிறார் நீதி வாரியத்துக்கு அனுப்பினார். அங்கே மாஜிஸ்திரேட்டோடு இரண்டு சமூகப் பணியாளர்களும் உட்காருவார்கள், அதில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். கூண்டு இல்லை, சாதாரண அறைதான். அன்றே ஜாமீன். முதல் நாளே அங்கே கொண்டுபோயிருக்க வேண்டியவன், அதற்குள் 19 நாள் கிளைச் சிறையில் இருந்துவிட்டான். அங்கே என்ன நடந்தது என்று அவன் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. 2018-ல் வாரியம் அறிவுரை கூறி அவனை அனுப்பிவிட்டது.

அந்த 19 நாளே எனக்குப் பெரிதாகத் தெரிந்தது, 2023 மார்ச்சில் வந்த ஒரு தீர்ப்பைப் படிக்கும் வரை. 1994-ல் புனேயில் நடந்த கொலைகளுக்காக மரண தண்டனை பெற்ற ராஜஸ்தான்காரர் ஒருவர். 2000-ல் உச்ச நீதிமன்றமும் அந்தத் தண்டனையை உறுதி செய்திருந்தது. பல ஆண்டுகள் கழித்து, அவருடைய ஊர்ப் பள்ளிப் பதிவேட்டைத் தேடி எடுத்தார்கள். அதன்படி சம்பவத்தன்று அவருக்கு வயது பன்னிரண்டரை. வழக்கில் அவர் பெயரே வேறு மாதிரி பதிவாகியிருந்தது. நான் மேலே சொன்ன 2006 திருத்தத்தின் வழிதான் அந்தக் கேள்வியை மறுபடி எழுப்ப முடிந்தது. 28 ஆண்டுகளுக்கு மேல் சிறையில் இருந்தவரை நீதிமன்றம் விடுதலை செய்தது.

இப்போது படித்துக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகளில் சிவில் பிரிவுக்காரர்கள் சீக்கிரமே சைட்டுக்கு வருவீர்கள். முதல் வாரமே ஒரு தடிமனான பதிவேட்டைக் கையெழுத்துக்கு நீட்டுவார்கள். வயது என்ற கட்டம் இடப்பக்கம் நாலாவதோ அஞ்சாவதோ இருக்கும். எல்லாருக்கும் 19, 20 என்று வரிசையாக இருந்தால் ஒரு நடை வெளியே போய் அந்தப் பையன்களைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

அந்தப் பையன் 2024-ல் ஒருநாள் போன் செய்தான். கம்பி வேலையில் நல்ல கைகாரனாகிவிட்டானாம். சிங்கப்பூர் போக பாஸ்போர்ட் எடுக்க வேண்டும்.

"சார், டேட் ஆஃப் பர்த் எதைப் போடறதுங்க? அம்மா ஒண்ணு சொல்லுது, ஆதார்ல ஜனவரி ஒண்ணுன்னு இருக்குது."

"ஹெட்மாஸ்டர் எழுதினதையே போடுப்பா. முதல்ல ஆதாரையும் அதுக்கு மாத்திடு."

"சரிங்க சார். அந்த சர்டிபிகேட் காப்பி உங்ககிட்ட இருக்குங்களா?"

இருந்தது. அன்றே அனுப்பிவிட்டேன்.