'ரேகை விழலை'ன்னா உதவி நின்னுடுமா? எரியோடு போன்ற ஊர்களில் முதியவர்களுக்கு இணையம் தரும் உதவிகளும் சிக்கல்களும்: முழு விவரம்

"கையை நல்லா துடைச்சுட்டு இன்னொரு தடவை வைங்க பாட்டி..."

ரேஷன் கடையிலோ, வங்கி முகவரிடமோ இந்த வார்த்தையைக் கேட்காத வயதானவர்கள் குறைவு. அரிசி, ஓய்வூதியம், உதவித்தொகை, மருத்துவ ஆலோசனை என எல்லாவற்றிலும் இப்போது இணையம் இருக்கிறது. சரியாக நடந்தால் வீட்டு வாசலுக்கே உதவி வரும். ஒரு இடத்தில் தடைபட்டாலும் அந்த மாதச் செலவே கேள்விக்குறி ஆகிவிடும்.

திண்டுக்கல் மாவட்டம் வேடசந்தூர் வட்டத்தில், திண்டுக்கல் - கரூர் ரயில் பாதையில் இருக்கும் பேரூராட்சி எரியோடு. சுற்றிலும் காடு கழனிகள், வேடசந்தூர் பக்கம் நூற்பாலைகள். பிள்ளைகள் திருப்பூர், கோவை, சென்னை என்று வேலைக்குப் போய்விட, வயதானவர்கள் மட்டும் ஊரில் இருக்கும் வீடுகளுக்குப் பஞ்சமில்லை. அப்படி ஒரு வீட்டில் இருக்கும் முதியவருக்கு எந்தெந்த வழியில் இணையம் உதவும், எங்கே கவனமாக இருக்க வேண்டும்? விரிவாகப் பார்க்கலாம்.

தமிழ்நாட்டுக்கு இது ஏன் பெரிய விஷயம்?

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்கள் 8.6 சதவீதம். தமிழ்நாட்டில் அப்போதே அது 10.4 சதவீதம். 2021-ல் தமிழ்நாட்டில் 13.6 சதவீதமாகவும், 2031-ல் 18.2 சதவீதமாகவும் இருக்கும் என்பது மத்திய அரசின் மதிப்பீடு. அதாவது, இன்னும் சில ஆண்டுகளில் ஏறக்குறைய ஆறு பேரில் ஒருவர் முதியவராக இருப்பார். கேரளாவுக்கு அடுத்தபடியாக முதியவர்கள் விகிதம் அதிகமுள்ள பெரிய மாநிலம் தமிழ்நாடுதான்.

ரேகை ஏன் விழுவதில்லை?

இதில் முதியவர்களின் தவறு எதுவும் இல்லை. வயதாக ஆகத் தோல் வறண்டு, இறுக்கம் குறைந்து, விரல் ரேகையின் மேடு பள்ளங்கள் தேய்ந்துவிடும். களை எடுப்பு, கல் வேலை, ஆலை வேலை என்று ஆயுள் முழுக்க கையை நம்பிப் பிழைத்தவர்களுக்குத் தேய்மானம் இன்னும் அதிகம். இயந்திரம் எதிர்பார்க்கும் கோடுகள் விரலில் இல்லாதபோது 'பொருந்தவில்லை' என்று காட்டுகிறது.

விரலைக் கழுவித் துடைத்து, லேசாக ஈரப்பதம் இருக்கும்படி வைத்தால் சில நேரம் பதிவாகும். பத்து விரல்களில் எது நன்றாகப் பதிகிறதோ அதை ஞாபகம் வைத்துக்கொண்டு அதையே வைக்கலாம். எதுவுமே சரிப்படாவிட்டால் கருவிழி, முகம் ஆகிய மாற்று வழிகள் இருக்கின்றன. ஆதார் மையத்தில் கைரேகையைப் புதுப்பிப்பதும் நல்லது. ஆதார் சந்தேகங்களுக்கு 1947 என்ற எண்ணை அழைக்கலாம்.

ஓய்வூதியர்கள்: போனிலேயே வாழ்வுச் சான்று

அரசு வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர்கள், குடும்ப ஓய்வூதியம் வாங்குபவர்கள், பி.எஃப். ஓய்வூதியம் வாங்கும் முன்னாள் ஆலைத் தொழிலாளர்கள் எல்லோரும் 'நான் உயிரோடு இருக்கிறேன்' என்று ஆண்டுக்கு ஒருமுறை நிரூபிக்க வேண்டும். இதை இணையத்திலேயே முடிக்க மத்திய அரசு 2014 நவம்பர் 10 அன்று தொடங்கியதுதான் 'ஜீவன் பிரமாண்'. ஆரம்பத்தில் இதற்கும் கைரேகை அல்லது கருவிழிக் கருவி தேவைப்பட்டது. 2021 நவம்பரில் முகத்தை வைத்தே சான்று தரும் வசதி வந்தது. கருவி வாங்க வேண்டாம், ஆண்ட்ராய்டு போன் போதும்.

எப்படிச் செய்வது?

1. 'ஆதார் ஃபேஸ் ஆர்டி', 'ஜீவன் பிரமாண்' ஆகிய இரண்டு செயலிகளையும் ப்ளே ஸ்டோரில் இருந்து மட்டுமே இறக்கவும்.

2. முதலில் 'ஆபரேட்டர்' பதிவு. போனைக் கையாளும் மகனோ பேத்தியோ தன் ஆதார் எண்ணையும் முகத்தையும் பதிவு செய்யலாம். இது ஒருமுறை செய்தால் போதும்.

3. பிறகு ஓய்வூதியரின் ஆதார் எண், மொபைல் எண், பி.பி.ஓ. எண், வங்கிக் கணக்கு எண்ணைக் கொடுக்கவும்.

4. வெளிச்சமான இடத்தில் உட்கார வைத்து முகத்தை ஸ்கேன் செய்யவும். திரையில் சொல்லும்போது கண்ணைச் சிமிட்ட வேண்டும்.

5. முடிந்ததும் மொபைலுக்குச் சான்று எண் வரும். அதைக் குறித்து வைத்துக்கொள்ளவும்.

மத்திய அரசு ஓய்வூதியர்களுக்கு நவம்பர்தான் இதற்கான மாதம். 80 வயதைக் கடந்தவர்கள் அக்டோபர் 1 முதலே தரலாம். பி.எஃப். ஓய்வூதியத்துக்கு இப்படிக் குறிப்பிட்ட மாதம் கிடையாது. எப்போது கொடுக்கிறீர்களோ, அன்றிலிருந்து ஓராண்டுக்குச் செல்லும்.

வீட்டில் ஸ்மார்ட்போனே இல்லையா? தபால்காரரையே வீட்டுக்கு அழைக்கலாம். இந்தியா போஸ்ட் பேமெண்ட்ஸ் வங்கி மூலம் வீட்டு வாசலில் சான்று எடுத்துத் தருகிறார்கள். பொதுவான கட்டணம் 70 ரூபாய். நடக்க முடியாதவரை ஆட்டோ வைத்துத் திண்டுக்கல் வரை கூட்டிப்போவதை விட இது எவ்வளவோ மேல்.

முதியோர் உதவித்தொகைக்கு என்ன வழி?

தமிழ்நாட்டில் முதியோர் உதவித்தொகை 1962-ல் மாதம் 20 ரூபாயாகத் தொடங்கியது. 2023 ஆகஸ்ட் முதல் அது 1,000 ரூபாயில் இருந்து 1,200 ரூபாயாக உயர்ந்தது.

விண்ணப்பம் இ-சேவை மையம் வழியாக இணையத்தில் போகிறது. கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் விசாரித்த பிறகு, வட்டத்தில் உள்ள சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியரிடம் முடிவுக்கு வருகிறது. எரியோடு மக்களுக்கு அது வேடசந்தூர்.

இதில் முக்கியமான ஒன்று, விண்ணப்ப எண் உள்ள ரசீது. அது கையில் இருந்தால் எந்த நிலையில் நிற்கிறது என்று வெளியூரில் இருக்கும் பிள்ளையே இணையத்தில் பார்த்துச் சொல்லிவிடலாம். ரசீது இல்லையென்றால், "இன்னும் வரலைம்மா" என்ற பதிலுக்காகவே திரும்பத் திரும்ப அலைய வேண்டியிருக்கும்.

பணம் எடுக்கும்போது உஷார்!

உதவித்தொகையை ஊரிலேயே இருக்கும் வங்கி முகவரிடம் கைரேகை வைத்து எடுக்கலாம். ஏ.டி.எம். கார்டு, பின் நம்பர் எதுவும் வேண்டாம். படிக்கத் தெரியாதவர்களுக்கு இது பெரிய வசதி. ஆனால் ரேகை வைத்தாலே பணம் போகும் என்பதால் ஆபத்தும் அதில்தான் இருக்கிறது.

- "முதல் தடவை விழலை" என்று மறுபடி ரேகை வைக்கச் சொன்னால், முதல் முயற்சி தோல்வி என்ற சீட்டைக் கேளுங்கள்.

- ஒவ்வொரு முறையும் அச்சிட்ட ரசீது வாங்குங்கள். அதில் எடுத்த தொகையும் மீதித் தொகையும் இருக்கும்.

- கணக்கில் மொபைல் எண்ணைச் சேருங்கள். முதியவரிடம் போன் இல்லையென்றால் நம்பிக்கையான பிள்ளையின் எண்ணைக் கொடுக்கலாம்.

ஆதார் செயலியில் கைரேகையைப் பூட்டி வைக்கும் வசதி இருக்கிறது. பூட்டிவிட்டால் யாரும் அதை வைத்துப் பணம் எடுக்க முடியாது. ஆனால் வெளியூரில் இருக்கும் மகன் பூட்டிவிட்டு மறந்துபோனால், அம்மாவுக்கு ரேஷன் கடையிலும் ரேகை வேலை செய்யாது! பூட்டினால் வீட்டில் சொல்லிவிடுங்கள், தேவைப்படும் நாளில் திறந்துவிடுங்கள்.

ரேஷன் கடைக்குப் போக முடியலையா?

2025 ஆகஸ்ட் 12 அன்று தமிழ்நாடு அரசு 'முதல்வரின் தாயுமானவர்' திட்டத்தைத் தொடங்கியது. தொடங்கியபோது 70 வயதைக் கடந்தவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் என அறிவிக்கப்பட்டது. மின்னணு எடைத் தராசும் விற்பனை முனைய இயந்திரமும் ஏற்றிய வாகனம், பொருளோடு வீட்டுக்கே வருகிறது. பதிவு செய்யும் இயந்திரம் இணையத்தில் இயங்குவதால்தான் கடையை வாசலுக்குக் கொண்டுவர முடிகிறது. முதியவரை இணையத்தைத் தேடி அலைய விடாமல், இணையத்தை அவரிடம் கொண்டுபோகும் ஏற்பாடு இது.

இது தவிர, கடைக்குப் போக முடியாதவர் தன் சார்பில் பொருள் வாங்க ஒருவரை நியமிக்கும் படிவமும் உண்டு. ரேஷன் கடையிலேயே கேட்கலாம்.

வைத்தியத்துக்கு இணையம் எப்படி உதவுது?

இதற்கு எரியோட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு முன்னோடி இருக்கிறது. மதுரையில் 1976-ல் டாக்டர் கோ.வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, பக்கத்து மாவட்டமான தேனியில் 2000-களின் நடுவில் சிறு ஊர்களில் கண் பரிசோதனை மையங்களைத் திறந்தது. அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தொலைதூர வைஃபை இணைப்பை அமைத்துக் கொடுத்தார்கள். பயிற்சி பெற்ற பணியாளர் ஊரில் கண்ணைப் பரிசோதிப்பார். மருத்துவர் தேனியில் இருந்தபடியே வீடியோவில் பேசுவார். ஆபரேஷன் தேவைப்படுபவர் மட்டும் மருத்துவமனைக்குப் போனால் போதும். ஒரு கண்ணாடிக்காக ஒரு நாள் கூலியையும் பஸ் காசையும் இழக்க வேண்டியதில்லை.

முதியவர் தானாக ஆப் எதையும் திறக்க வேண்டியிருக்கவில்லை, நடுவில் ஒரு மனிதர் இருந்தார் என்பதுதான் இந்த ஏற்பாட்டின் பலம்.

மத்திய அரசின் 'இ-சஞ்சீவனி' தொலை மருத்துவ சேவையும் இரண்டு வகையில் நடக்கிறது. ஒன்று, வீட்டில் இருந்தே மருத்துவரிடம் பேசுவது. 2020 ஏப்ரலில் கொரோனா ஊரடங்கின்போது இது தொடங்கியது. இன்னொன்று, துணை சுகாதார நிலையத்தில் இருக்கும் பணியாளர் மூலமாகப் பேசுவது. போன் பழக்கம் இல்லாதவர்களுக்கு இரண்டாவது வழியே சரிப்படும்.

சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளுக்கு 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' இருக்கிறது. களப் பணியாளர் வீட்டுக்கே வந்து பரிசோதித்து மாத்திரை தருவார். உங்கள் வீட்டு முதியவர் பட்டியலில் இல்லையென்றால் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுக்கலாம்.

பேச யாருமில்லையா? 14567

முதியவர்களுக்கான தேசிய உதவி எண் 14567. தினமும் காலை 8 மணி முதல் இரவு 8 மணி வரை இலவசமாக அழைக்கலாம். ஓய்வூதியம், சட்டம் பற்றிய சந்தேகங்கள், மனக் கஷ்டம், வீட்டில் கொடுமை, ஆதரவற்று இருப்பவரை மீட்பது என எல்லாவற்றுக்கும் இந்த எண்தான். பட்டன் போனிலிருந்தே அழைக்கலாம் என்பது கூடுதல் வசதி.

பிள்ளைகள் கவனிக்கவில்லை என்றால், 2007-ம் ஆண்டின் பெற்றோர் பராமரிப்புச் சட்டப்படி கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனு தரலாம். மாதம் 10,000 ரூபாய் வரை பராமரிப்புத் தொகை தர உத்தரவிட முடியும். வக்கீல் வைக்கத் தேவையில்லை.

'டிஜிட்டல் அரெஸ்ட்' என்று ஒன்று கிடையாது

"உங்க மகன் கேஸ்ல மாட்டிக்கிட்டான்", "பென்ஷன் நிக்கப் போகுது, ஓடிபி சொல்லுங்க" என்று போன் வந்தால், துண்டித்துவிட்டு உங்கள் பிள்ளைக்குப் போன் போடுங்கள். வீடியோ காலில் கைது செய்யும் நடைமுறை இந்தியச் சட்டத்தில் கிடையாது. பிரதமரே 2024 அக்டோபர் 27 அன்று 'மன் கி பாத்' உரையில் இதைச் சொன்னார். பணம் போய்விட்டால் உடனே 1930-க்கு அழைக்க வேண்டும். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, பணத்தை முடக்கி வைக்க அவ்வளவு வாய்ப்பு இருக்கிறது.

எல்லாமே ஆன்லைன் ஆகிவிட்டால் போதுமா?

பிரிட்டனில் நடந்ததைப் பார்க்கலாம். அங்கே தனியாக வாழும் முதியவர்கள், விழுந்துவிட்டால் அழுத்துவதற்குக் கழுத்தில் ஒரு பட்டன் அணிந்திருப்பார்கள். அது பழைய தொலைபேசி இணைப்பில் இயங்கியது. அந்த இணைப்புகளை இணையத்துக்கு மாற்றியபோது சில இடங்களில் பட்டன் வேலை செய்யாமல் போனது. 2023 டிசம்பரில் கட்டாய மாற்றங்களை நிறுத்தி வைத்தார்கள். பழைய இணைப்பை முழுமையாக மூடும் கெடுவும் 2025 இறுதியில் இருந்து 2027 ஜனவரிக்குத் தள்ளிப்போனது.

புதிய வழி எல்லோருக்கும் வேலை செய்கிறது என்று உறுதியாகும் வரை பழைய வழியை மூடக்கூடாது என்பதுதான் இதில் இருக்கும் பாடம்.

இந்தியாவிலும் இது சட்டப்பூர்வமாக அங்கீகரிக்கப்பட்டிருக்கிறது. முகம் சிதைந்த ஆசிட் வீச்சுப் பாதிப்பாளர்களும் பார்வையற்ற ஒருவரும், கண் சிமிட்டச் சொல்லும் அடையாளச் சரிபார்ப்பால் தாங்கள் ஒதுக்கப்படுவதாக உச்ச நீதிமன்றம் போனார்கள். நீதிபதிகள் ஜே.பி.பர்திவாலா, ஆர்.மகாதேவன் அமர்வு 2025 ஏப்ரல் 30 அன்று, டிஜிட்டல் சேவைகளை அணுகுவது வாழும் உரிமையின் ஒரு பகுதி என்று தீர்ப்பளித்தது. 2018-ன் ஆதார் தீர்ப்பிலும், ரேகை பொருந்தவில்லை என்பதற்காகத் தகுதியானவருக்கு உதவி மறுக்கப்படக் கூடாது என்பது வலியுறுத்தப்பட்டது.

ஆகவே, 'ரேகை விழலை, அடுத்த மாசம் வாங்க' என்று சொன்னால் அப்படியே திரும்பி வர வேண்டாம். "வேற என்ன வழி இருக்கு?" என்று கேட்கலாம். அப்படிக் கேட்பது முதியவரின் உரிமை.

வீட்டுச் சுவரில் எழுதி வைக்க வேண்டிய எண்கள்

- முதியோர் உதவி: 14567
- ஆம்புலன்ஸ்: 108
- மருத்துவ ஆலோசனை: 104
- சைபர் மோசடி: 1930
- ஆதார்: 1947

வெளியூரில் இருப்பவர்கள் அடுத்த முறை ஊருக்குப் போகும்போது அரை மணி நேரம் ஒதுக்குங்கள். வாழ்வுச் சான்று, வங்கிக் கணக்கில் மொபைல் எண், ஆதார் புதுப்பிப்பு ஆகிய மூன்றையும் சரிபாருங்கள். இந்த ஐந்து எண்களையும் பெரிய எழுத்தில் எழுதி, போனுக்குப் பக்கத்தில் ஒட்டிவிட்டு வாருங்கள்.