கார்புரேட்டர் சமப்படுத்தல்: நான்கு சிலிண்டர் மோட்டார் சைக்கிள்

ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனியே ஒரு கார்புரேட்டர் அமைந்த நான்கு சிலிண்டர் மோட்டார் சைக்கிளில், ஓட்டுபவர் கைப்பிடியை எவ்வளவு முறுக்கினாலும் நான்கு வாய்களிலும் காற்று ஒரே அளவாகப் புகும்படி, அவற்றின் அடைப்புகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டுத் திருத்தும் பராமரிப்பு வேலைக்குக் கார்புரேட்டர் சமப்படுத்தல் என்று பெயர். ஒரு கார்புரேட்டர் தன்னளவில் செம்மையானதா என்று இவ்வேலை விசாரிப்பதில்லை; கூட இருக்கும் மூன்றோடு அது ஒத்துப்போகிறதா என்று மட்டுமே விசாரிக்கிறது. இதன் எளிமையும் இதிலுள்ள அபாயமும் இந்த ஒரு விஷயத்திலிருந்தே பிறக்கின்றன.

நான்கு சிலிண்டர் வண்டி மிகப் பழையது. அமெரிக்காவில் 1912 முதல் விற்பனையான ஹெண்டர்சனும், எட்வர்ட் டர்னர் வடிவமைத்து 1930 ஆம் ஆண்டின் இறுதியில் லண்டன் ஒலிம்பியா கண்காட்சியில் வைக்கப்பட்ட ஏரியல் ஸ்கொயர் ஃபோரும் நான்கு சிலிண்டர் கொண்டவையே. ஆயினும் ஒரே கார்புரேட்டரிலிருந்து கிளைக்குழாய்களின் வழியே எல்லாச் சிலிண்டர்களும் கலவையைப் பெற்றமையால், இக்கட்டுரைக்குரிய தொல்லை அவற்றின் சொந்தக்காரர்களுக்கு நேர்ந்ததில்லை. சிலிண்டருக்கு ஒரு கார்புரேட்டர் என்ற ஏற்பாடு இத்தாலியப் பந்தய வண்டிகளில் வளர்ந்தது. அதைச் சாமானியரின் வாசலுக்குக் கொண்டுவந்து நிறுத்திய பெருமை, 1968 அக்டோபரில் டோக்கியோ மோட்டார் கண்காட்சியில் அறிமுகமாகி மறு ஆண்டு விற்பனைக்கு வந்த ஹோண்டா சிபி750 வண்டியைச் சாரும். 736 கன சென்டிமீட்டர் கொள்ளளவும் 67 குதிரைத்திறனும் கொண்ட அந்த இன்ஜினுக்கு 28 மில்லிமீட்டர் வாயுள்ள கெய்ஹின் கார்புரேட்டர்கள் நான்கு பொருத்தப்பட்டன. 1972 இல் வந்த கவாஸாகி இஸட்1, 903 கன சென்டிமீட்டர் இன்ஜினுக்கு நான்கு மிகுனிகளை வைத்துக்கொண்டது. அதன்பின் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் பெரிய ஜப்பானிய வண்டிகளுக்கெல்லாம் இதுவே வழக்கமாயிற்று.

நான்கு கார்புரேட்டர்களின் நன்மை தெளிவானது: நீண்ட கிளைக்குழாயில் கலவை வழியில் பிரிந்து ஓரத்துச் சிலிண்டருக்கு ஒரு விதமாகவும் நடுச் சிலிண்டருக்கு வேறு விதமாகவும் சேரும் குறை இதில் நீங்குகிறது. ஆனால் ஒரு குறையை நீக்கப் புகுந்து மற்றொன்றைக் கைக்கொண்டதாகவே முடிந்தது. முதல் சிபி750 வண்டிகளில் கைப்பிடியிலிருந்து வந்த ஒரு கேபிள் நான்காகப் பிரிந்து, கார்புரேட்டரின் அடைப்பாகிய ஸ்லைடு ஒவ்வொன்றையும் தனித்தனியே தூக்கியது. நான்கு கேபிள்களும் ஒரே சீராக இழுபடுவதோ தேய்வதோ உலகத்தில் நடக்கிற காரியமன்று. விரைவிலேயே அந்த ஏற்பாடு கைவிடப்பட்டு, நான்கு கார்புரேட்டர்களும் ஒரே சட்டத்தில் பிணைக்கப்பட்டு, ஒரு பொதுத்தண்டு திறக்கவும் மூடவும் இரண்டு கேபிள்களால் இயக்கப்படலாயிற்று. தொல்லை வெகுவாகக் குறைந்ததேயன்றி ஒழியவில்லை. பிணைப்புக் கைகளும் ஸ்லைடுகளும் காலப்போக்கில் தேய்கின்றன.

இந்தத் தேய்வு எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்பது வண்டியின் வேகத்தைப் பொறுத்தது. ஐட்லிங்கில் ஸ்லைடுகள் இரண்டு மில்லிமீட்டர் தூக்கி நிற்கின்றன என்று வைத்துக்கொண்டால், அவற்றுள் ஒன்று கால் மில்லிமீட்டர் தாழ்ந்திருப்பது எட்டில் ஒரு பங்குப் பிழையாகும். அதே கால் மில்லிமீட்டர், 28 மில்லிமீட்டர் வாய் முழுதும் திறந்த நிலையில் நூற்றில் ஒரு பங்குகூட ஆவதில்லை. ஆகவே சமநிலை கெட்ட வண்டி நெடுஞ்சாலையில் முழு வேகத்தில் குறையேதும் காட்டாமல் பறந்துவிட்டு, சிக்னலில் வந்து நின்றதும் நடுங்கத் தொடங்கும். ஐட்லிங் ஒரு நிலையில் நில்லாமை, கைப்பிடியை விட்டபின் இன்ஜின் வேகம் தணியத் தாமதித்தல், மெதுவாக உருளும்போது வெட்டிவெட்டி இழுத்தல் ஆகியன அடையாளங்கள். சிபி750 இல் கிராங்கிலிருந்து கியருக்குச் சக்தியைக் கொண்டுசெல்லும் உட்சங்கிலிகள், சீரற்ற துடிப்பினால் ஐட்லிங்கில் கலகலவென ஒலிப்பதும் உண்டு. அதைக் கேட்டு இன்ஜினையே பிரித்துப் போடத் துணிந்தவர்கள், முதலில் கார்புரேட்டர்களைப் பார்த்திருந்தால் செலவு மிச்சமாகியிருக்கும்.

நான்கு பேர் தூக்கும் பல்லக்கில் ஒருவன் தோள் தாழ்ந்தால் மற்ற மூவரும் அவன் பாரத்தைச் சேர்த்துச் சுமப்பதுபோல, ஒரே கிராங்கில் கட்டுண்ட சிலிண்டர்களுள் சோம்பியதை மற்றவை இழுத்துச் செல்கின்றன. அதனால்தான் காதால் கேட்டு எந்தச் சிலிண்டர் குற்றவாளி என்று சொல்வது கடினம். ஒற்றைச் சிலிண்டர் வண்டியை நாடி பார்க்கிற மெக்கானிக்கின் காது இங்கே போதாது. சாட்சி சொல்லக்கூடியது, கார்புரேட்டருக்கும் வால்வுக்கும் இடைப்பட்ட உள்ளிழுப்புக் குழாயில் உண்டாகும் வெற்றிடமே. பிஸ்டன் இறங்கும்போது காற்றை இழுக்கிறது. அடைப்பு எவ்வளவு மூடியிருக்கிறதோ அவ்வளவுக்கு வெற்றிடம் பலக்கிறது, திறந்தால் குறைகிறது. இதற்கென்றே தயாரிப்பாளர்கள் ஒவ்வொரு குழாயிலும் ஒரு சிறு திருகையோ ரப்பர் மூடியிட்ட காம்பையோ வைத்திருக்கிறார்கள். சிபி750 க்கு ஹோண்டா கையேடு விதித்த பிரமாணம் பாதரசக் கணக்கில் 16 முதல் 24 சென்டிமீட்டர் வரை. இந்த எல்லைக்குள் எண் எதுவாக இருப்பினும் பாதகமில்லை, சிலிண்டர்களுக்குள் வித்தியாசம் மூன்று சென்டிமீட்டரைத் தாண்டலாகாது.

அளக்கும் கருவிகளுள் மிகவும் பரவியது நான்கு முகப்புள்ள முள் மானி. அதன் முட்கள் இயல்பாகவே துடிக்கும். நிமிஷத்துக்கு ஆயிரம் சுற்று ஓடும் இன்ஜினில் ஒவ்வொரு சிலிண்டரும் வினாடிக்கு எட்டுத் தடவைக்கு மேல் இழுக்கிறபடியால், மானிக்குச் செல்லும் குழாயில் ஒரு சிறு தடையை வைத்து அத்துடிப்பைத் தணிக்க வேண்டும். மிகையாகத் தணித்தால் முள் அசையாமல் நின்று பொய் சொல்லும். இக்கருவியின் பெருங்குறை, நான்கு மானிகளும் தமக்குள்ளேயே ஒத்துப்போகும் என்பதற்கு உத்தரவாதம் இல்லாமை; நான்கையும் மாற்றி மாற்றி ஒரே சிலிண்டரில் பூட்டிப் பார்த்து வித்தியாசத்தைக் குறித்துக்கொண்ட பிறகே வேலையைத் தொடங்குவது விவேகம். பாதரசக் கம்பங்கள் இந்தச் சங்கடத்தை இயல்பாகவே தீர்த்தன: நான்கு கண்ணாடிக் குழாய்களும் ஒரே கிண்ணத்துப் பாதரசத்தை உறிஞ்சுவதால், அளவுகோல் தவறாயிருந்தாலும் ஒப்பீடு தவறுவதில்லை. அழகிய கருவி, ஆனால் கைப்பிடியைச் சட்டென்று முறுக்கிவிட்டால் பாதரசம் கம்பத்தை விட்டேறி இன்ஜினுக்குள் போய்விடும், தரையில் சிந்தினாலோ அதன் ஆவி பட்டறையை விட்டு லேசில் நீங்காது. 2013 இல் கையெழுத்தான மினமாட்டா உடன்படிக்கை பாதரச மானிகளையும் விலக்கப்பட வேண்டியவற்றின் பட்டியலில் சேர்த்திருக்கிறது. இப்போது மின்னணு மானிகள் அவ்விடத்தைப் பிடித்துள்ளன.

கைச்செலவில்லாமல் செய்ய விரும்புவோர் நீண்ட பிளாஸ்டிக் குழாயை வளைத்து, பாதியளவு மெல்லிய எண்ணெய் ஊற்றி, இரு முனைகளையும் இரண்டு சிலிண்டர்களில் பூட்டுவார்கள். இதை ஏளனம் செய்ய வேண்டியதில்லை. எண்ணெயின் அடர்த்தி பாதரசத்தில் பதினைந்தில் ஒரு பங்குக்குச் சமீபமாதலால், பாதரசத்தில் ஒரு சென்டிமீட்டராகத் தெரியும் வித்தியாசம் எண்ணெயில் பதினைந்து சென்டிமீட்டருக்கும் அதிகமாக விரிந்து தெரியும். நுட்பத்தில் விலையுயர்ந்த மானிகளை இது வென்றுவிடும். பெரிய வித்தியாசத்தை மட்டும் இது தாங்காது, எண்ணெய் ஒரு பக்கமாகவே உறிஞ்சப்பட்டுவிடும். ஆகையால் முதலில் கார்புரேட்டர்களைக் கழற்றி மேஜைமேல் வைத்து, ஒரே டிரில் பிட்டின் காம்பை ஒவ்வொரு ஸ்லைடின் அடியிலும் செலுத்தி, எல்லாவற்றிலும் ஒரே மாதிரி உரசும்படி கண்திட்டமாகச் சரிசெய்துகொள்ள வேண்டும்.

இனி முன்னேற்பாடுகள். வெற்றிட மானி காட்டுவது கார்புரேட்டரின் ஸ்திதியை மட்டுமன்று, அந்தச் சிலிண்டரின் சகல ஸ்திதியையும். வால்வு சரியாக மூடாத சிலிண்டரில் வெற்றிடம் குன்றும். கார்புரேட்டரைத் தாங்கும் ரப்பர் குழாய் வெடித்துக் காற்று கசிந்தாலும் குன்றும். இதை அறியாதவர், வெற்றிடம் குன்றிய சிலிண்டரில் அடைப்பு அதிகமாகத் திறந்திருப்பதாக எண்ணி அதை மூடுவார். முள் மற்றவற்றோடு ஒத்து நின்றதும் திருப்தியடைவார். ஏற்கெனவே நலிந்த சிலிண்டருக்கு இருந்த கலவையையும் பறித்துவிட்டார் என்பது அவருக்குத் தெரியாது. முட்கள் நான்கும் ஒரே கோட்டில் நிற்க, வண்டி முன்னிலும் மோசமாக ஓடும் விசித்திரம் இப்படித்தான் நேர்கிறது. ஆகவே டேப்பெட் இடைவெளி (சிபி750 இல், இன்ஜின் குளிர்ந்திருக்கையில், உள்வால்வுக்கு 0.05, வெளிவால்வுக்கு 0.08 மில்லிமீட்டர்), ஸ்பார்க் பிளக், பற்றவைப்பு நேரம், காற்று வடிகட்டி, கம்ப்ரஷன் ஆகியவற்றைப் பரீட்சித்து ஒழுங்கு செய்த பின்பே மானியைக் கையில் எடுக்க வேண்டும், சமப்படுத்தல் டியூனிங்கின் கடைசி வேலை. பற்றவைப்பைப் பற்றிய ஒரு குறிப்பு பயன்படும். சிபி750, இஸட்1 போன்றவற்றில் 1, 4 ஆம் சிலிண்டர்களுக்கு ஒரு பாயிண்டும் 2, 3 ஆம் சிலிண்டர்களுக்கு மற்றொன்றும் பொறியைத் தருவதால், மானியில் ஓரத்து இரண்டும் ஒரு விதமாகவும் நடு இரண்டும் வேறு விதமாகவும் நின்றால், கார்புரேட்டரைத் தொடாமல் பாயிண்டைப் பார்ப்பது உத்தமம்.

வேலையைக் காற்றோட்டமான இடத்தில் செய்ய வேண்டும். புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு மணமின்றிக் கொல்லும். சிறிது தூரம் ஓட்டி இன்ஜினைச் சூடேற்றி, பெட்ரோல் டாங்கைக் கழற்றி, சிறு புட்டியை உயரத்தில் தொங்கவிட்டு அதிலிருந்து பெட்ரோல் வரச் செய்வர். காற்றால் குளிரும் இன்ஜின் நின்றபடியே ஓடினால் அளவுக்கு மீறிக் காயுமாதலால் முன்னால் ஒரு மின்விசிறி அவசியம். வெற்றிடத்தால் திறக்கும் பெட்ரோல் குழாய் உள்ள வண்டிகளில், அதற்குச் செல்லும் சிறுகுழாயைக் கழற்றினால் அந்தக் காம்பை அடைத்துவிட வேண்டும். மறந்தால் அந்த ஒரு சிலிண்டரின் கணக்கு மட்டும் முடிவின்றிப் பிசகிக்கொண்டிருக்கும்.

திருகுகளின் அமைப்பு வண்டிக்கு வண்டி மாறும். பழைய சிபி750 இல் நான்குக்கும் தனித்தனித் திருகு உண்டு. பின்னால் வந்த பல வண்டிகளில் கார்புரேட்டர்களின் இடையே மூன்றே திருகுகள்: முதலில் 1 ஐயும் 2 ஐயும், பிறகு 3 ஐயும் 4 ஐயும் ஒப்பாக்கி, கடைசியில் நடுத்திருகால் இந்த இரு ஜோடிகளையும் ஒன்றாக்க வேண்டும். வரிசையை மாற்றினால் முடிந்ததை மறுபடியும் கலைக்க நேரும். வேறு சிலவற்றில் ஒரு கார்புரேட்டர் திருகே இல்லாமல் ஆதாரமாக நிற்க, ஏனைய மூன்றும் அதைப் பின்பற்றுகின்றன. எவ்வகையாயினும் திருகை மயிரிழையளவே திருப்பி, கைப்பிடியை ஒரு தரம் முறுக்கி விட்டு, முள் நிலைத்த பின்னரே அளவைப் படிக்க வேண்டும். பூட்டுநட்டை இறுக்கும்போது திருகும் கூடவே சற்று நகரும் என்பது, இறுக்கிய பின் மறுபடி பார்க்கும் பழக்கமில்லாதவர்களை ஏமாற்றுகிறது. இறுதியில் பொதுத் திருகால் ஐட்லிங் வேகத்தை அமைத்து, கைப்பிடியை மெல்ல உயர்த்தி முட்கள் நான்கும் சேர்ந்தே நகர்கின்றனவா என்று கவனிக்க வேண்டும். கீழே ஒத்திருந்து மேலே பிரிந்தால் பிணைப்புக் கைகளில் தேய்வு என்று கொள்ளலாம்.

பெட்ரோல் செலுத்தும் மின்னணு முறை 1980களில் தொடங்கிக் கார்புரேட்டரை மெல்ல மெல்ல வெளியேற்றிவிட்டது. சமப்படுத்தும் வேலையோ நீங்கவில்லை. சிலிண்டருக்கு ஒரு காற்றடைப்பு அவற்றிலும் இருப்பதால், அதே காம்புகளில் அதே மானியைப் பூட்டுகிறார்கள். ஆனால் பல வண்டிகளில் அடைப்புத் தகடுகளைத் தொடுவதைக் கையேடு தடுக்கிறது. அவற்றைச் சுற்றிச் செல்லும் சிறு காற்றுவழிகளின் திருகுகளைத் திருத்தியே ஐட்லிங்கைச் சமப்படுத்த வேண்டும்.