பின்னால் ஒரு கம்பி

கிள்ளான் பள்ளத்தாக்கில் காடியை மாற்றியமைக்கும் பையன்களோடு அஞ்சு நிமிஷம் பேசினால் போதும், இந்த வாக்கியம் எப்படியும் வந்துவிடும்: "பின்னால ஒரு பார் போட்டா கோனர்ல காடி அப்படியே ஒட்டிக்கும்ணே."

ரிம்மும் ஸ்பாய்லரும் கண்ணுக்குத் தெரியும். எக்சோஸ் காதுக்குத் தெரியும். இந்தப் 'பார்' எதற்கும் தெரியாது. காடிக்கு அடியில், பின்சக்கரங்களுக்கு நடுவே, லாடம் மாதிரி வளைந்து கிடக்கும் ஓர் இரும்புக் கம்பி அது. ஸ்வே பார், ஆன்டி ரோல் பார், ஸ்டெபிலைசர் எனப் பல பெயர்கள் அதற்கு. மேலே உள்ள வாக்கியம் அதைப் பற்றிய பாதி உண்மை. மீதிப் பாதி எங்கே போனது? அதைத் தேடினால் கிள்ளான் பள்ளத்தாக்கில் தொழில் அறிவு எப்படிக் கைமாறியது என்ற வரலாறு கொஞ்சம் அகப்படுகிறது.

முதலில் கம்பி செய்யும் வேலையைப் பார்த்துவிடலாம். வளைவில் திரும்பும்போது காடியின் உடல் வெளிப்பக்கம் சாய்கிறது. வெளிச்சக்கரத்து ஸ்பிரிங் அமுங்குகிறது, உட்சக்கரத்து ஸ்பிரிங் விரிகிறது. கம்பியின் இரண்டு முனைகளும் இரண்டு சக்கரங்களோடு பிணைக்கப்பட்டிருப்பதால், ஒரு முனை மேலேயும் மறுமுனை கீழேயும் போக, நடுவில் கம்பி ஈரத் துணியைப் பிழிவதுபோல முறுக்கப்படுகிறது. முறுக்கப்பட்ட இரும்பு பழைய நிலைக்குத் திரும்பத் திமிறும். அந்தத் திமிறல்தான் சாய்வைக் குறைக்கிறது. இரண்டு சக்கரமும் ஒன்றாகவே மேட்டில் ஏறி இறங்கினால் கம்பிக்கு வேலையில்லை, பேசாமல் கூடவே ஆடும்.

இது ஒன்றும் நேற்றைய கண்டுபிடிப்பு இல்லை. கனடாவின் ஃபிரெடரிக்டன் நகரத்தைச் சேர்ந்த ஸ்டீபன் கோல்மன் என்பவருக்கு 1919 ஏப்ரல் 22இல் இதற்கான காப்புரிமை கிடைத்தது. அன்றைய கார்களின் ஸ்பிரிங்குகள் கட்டைபோல் இறுக்கமானவை, அதனால் யாரும் இதைப் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. ஸ்பிரிங்குகளை மென்மையாக்கி, சொகுசை விற்கத் தொடங்கிய பிறகுதான் சாய்வு ஒரு பிரச்சினையானது. 1950களுக்குப் பிறகே இந்தக் கம்பி சாதாரணக் கார்களில் பரவலானது.

ஒரு கம்பி இருப்பதற்கும் இல்லாததற்கும் என்ன வித்தியாசம் என்று உலகம் சத்தமாக விவாதித்தது 1965இல். ஷெவ்ரலே நிறுவனத்தின் கொர்வேர் கார், இன்ஜின் பின்பக்கம் இருந்ததால் பின்பாரம் அதிகமான ஒன்று. 1960 முதல் 1963 வரை வந்த மாடல்களில் முன்பக்கக் கம்பியைச் சேர்க்காமலேயே விற்றார்கள். செலவை மிச்சப்படுத்த அதை விட்டுவிட்டார்கள் என்று ரால்ஃப் நேடர் 'அன்சேஃப் அட் எனி ஸ்பீட்' என்ற நூலில் குற்றம் சாட்டினார். அந்த நூல் வருவதற்கு முன்பே, 1964 மாடலில் கம்பி வந்துவிட்டிருந்தது. மறு ஆண்டான 1966இல் அமெரிக்கா வாகனப் பாதுகாப்புச் சட்டமே கொண்டுவந்தது. பின்னர் 1972இல் வந்த அரசு ஆய்வு, அதே காலத்துப் பிற கார்களைவிட கொர்வேர் மோசமானதல்ல என்றும் சொன்னது. தீர்ப்பு எப்படியோ இருக்கட்டும். முன்னால் ஒரு கம்பி, பின்னால் ஒரு கம்பி என்பது அலங்கார விஷயம் இல்லை, உயிர் விஷயம் என்பது அன்றே பேசப்பட்டுவிட்டது. அந்தப் பேச்சு நம்முடைய பட்டறைகள்வரை வந்து சேரவில்லை, அவ்வளவுதான்.

நம்முடைய பட்டறைகளின் கதை காரில் தொடங்கவில்லை, ரயிலில் தொடங்குகிறது. சிலாங்கூரின் முதல் ரயில்பாதை 1886இல் கோலாலம்பூருக்கும் கிள்ளான் அருகே உள்ள புக்கிட் கூடாவுக்கும் இடையே ஓடியது. அந்த ரயில்வேயை நம்பித்தான் பிரிக்பீல்ட்ஸ் தமிழர் குடியிருப்பாக வளர்ந்தது. செந்தூலில் ரயில்வேயின் பெரிய பட்டறை எழுந்தது. இலங்கைத் தமிழர்கள் பெரும்பாலும் எழுத்து மேசைகளில் உட்கார, தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களில் பலர் தண்டவாளத்திலும் பட்டறையிலும் இரும்போடு பழகினார்கள். தோட்டங்களிலும் அப்படித்தான். பால் வெட்டுக்கு வெளியே, ரப்பர் உருளை இயந்திரம், லோரி, டிராக்டர் என்று ஒரு சிறிய இரும்பு உலகம் இருந்தது. பள்ளிக்கூடம் போகாமலேயே சத்தத்தை வைத்து இன்ஜின் நோயைச் சொல்லும் ஆட்கள் அங்கிருந்து வந்தவர்கள்.

1970களுக்குப் பிறகு கிள்ளான் பள்ளத்தாக்குத் தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறின. கையில் நிலமோ சான்றிதழோ இல்லாமல் வெளியே வந்த குடும்பங்களின் பையன்களுக்குச் சீக்கிரம் திறந்த கதவுகளில் ஒன்று கார் பட்டறை. 'ஃபோர்மன்' என்ற ஆங்கிலச் சொல் இந்நாட்டு மலாயில் 'பொமென்' ஆகி, மெக்கானிக் எல்லாருக்கும் பொதுப்பெயராகிவிட்டது. கோலாலம்பூர்ப் பட்டறையில் தவுக்கே கண்டனீஸ் பேசுவார், கிள்ளானில் ஹொக்கியன். பையன் இரண்டையும் கேட்டு, மலாயில் பதில் சொல்லி, தமிழில் திட்டிக்கொண்டு வேலை பழகினான். ஸ்பேனர் பிடிப்பதை யாரும் எழுதிக் கொடுத்துச் சொல்லித் தரவில்லை. "பாத்துக்கோ தம்பி" என்பதுதான் பாடத்திட்டம்.

இதே காலத்தில் நாட்டுக்கு ஒரு கார் பிறந்தது. 1983 மே மாதம் புரோட்டோன் நிறுவப்பட்டது. 1985இல் சாகா வந்தது. உள்ளே மிட்சுபிஷி லான்சர், வெளியே தேசியச் சின்னம். வெளிநாட்டுக் கார்களுக்கு விதிக்கப்பட்ட வரி மிக அதிகம். அதனால் வேகக் காரை வாங்க முடியாதவன், வாங்க முடிந்த காரை வேகமாக்கப் பார்த்தான். 1993இல் வீரா வந்தபோது இது உச்சத்துக்குப் போனது. வீராவும் லான்சரின் உடலை ஒட்டிப் பிறந்ததுதான். ராலியில் பேர் வாங்கிய லான்சர் எவலூஷனின் பல சாமான்கள் அதில் பொருந்தின. ஜப்பானில் வாகனச் சோதனை கடுமையானது. அங்கே ஓய்வுபெற்ற கார்கள் பாதியாக வெட்டப்பட்டுக் கப்பலேறி வந்தன. இந்த ஹாஃப் கட்டுகளை விற்கும் பொத்தோங் கடைகள் கிள்ளான் பக்கம் பெருகின. எவலூஷன் வாங்க முடியாதவன் எவலூஷனின் இன்ஜினையும் பிரேக்கையும் பின்கம்பியையும் தனித்தனியாக வாங்கினான். தன் வர்க்கத்துக்கு மறுக்கப்பட்ட ஒரு காரை அவன் துண்டு துண்டாகச் சேர்த்துக்கொண்டான் என்றுகூடச் சொல்லலாம்.

புரோட்டோன் 1996இல் இங்கிலாந்தின் லோட்டஸ் நிறுவனத்தை வாங்கியது. 1998இல் சத்ரியா ஜிடிஐ வந்தது. காடி ஓட்டத்தை லோட்டஸ் சீர்செய்தது என்று சொல்லும் சின்னம் அதன் மேலேயே ஒட்டியிருந்தது. அதுவரை 'பவர்' பற்றி மட்டும் பேசிய பையன்கள் 'ஹேண்ட்லிங்' என்ற சொல்லைப் பேசத் தொடங்கியது அந்தச் சின்னத்திலிருந்துதான் என்று எனக்குத் தோன்றுகிறது. 2002இல் கரம்ஜித் சிங், புரோட்டோன் பெர்ட் காரில், உற்பத்திக் கார்களுக்கான உலக ராலி சாம்பியன் ஆனார். பக்கத்து இருக்கையில் வழி சொன்னவர் ஆலன் ஓ. அந்த ஆண்டில் கார் பைத்தியம் பிடித்தவனுக்கு இது சும்மா விளையாட்டுச் செய்தியாக இருந்திருக்காது. நம்மைப் போன்ற ஓர் ஆள், நம் ஊர்ப் பெயர் போட்ட காரில்!

ஆனால் ஓட்டிப் பழக இடம் குறைந்துகொண்டே வந்தது. கோலாலம்பூருக்கும் கிள்ளானுக்கும் நடுவில், கூட்டரசு நெடுஞ்சாலையை ஒட்டி, 1968 முதல் பத்து தீகா பந்தயத் தடம் இருந்தது. 1999இல் சிப்பாங்கில் எண்ணெய்ப்பனைத் தோட்டங்களுக்கு நடுவே உலகத் தரத்தில் புதிய தடம் திறந்தது. 2003இல் பத்து தீகாவை இடித்துவிட்டு வீடு கட்டப் போனார்கள். சிப்பாங் தூரம், செலவும் கூட. கையில் காசில்லாத பையன்களில் பலருக்கு உலு யாம் வளைவுகளும் காராக் நெடுஞ்சாலையுமே தடம் ஆயின. அங்கே ஓரத்தில் மண் குவியல் இல்லை, பள்ளம் இருக்கிறது. எதிரே குடும்பத்தோடு யாரோ வருகிறார்கள்.

2005இல் பெரோடுவா மைவி வந்தபின் கதை இன்னும் பரவலானது. அல்ட்ரா ரேசிங் போன்ற மலேசிய நிறுவனங்களே உள்ளூர் மாடல்களுக்கு அளவெடுத்துக் கம்பிகள் செய்து, வெளிநாடுகளுக்கும் விற்றன. பொத்தோங் கடையில் அழுக்குக்குள் தேட வேண்டியிருந்த சாமான் பெட்டியில் போட்டு வந்தது. இனி யார் வேண்டுமானாலும் மாட்டலாம்.

இங்கேதான் தொலைந்த பாதியைப் பற்றிப் பேச வேண்டும். சாய்வு குறைந்தால் பாரமும் குறைந்துவிட்டது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். இல்லை. வளைவில் உட்சக்கரங்களிலிருந்து வெளிச்சக்கரங்களுக்கு மாறும் மொத்தப் பாரத்தைத் தீர்மானிப்பவை காடியின் எடை, உயரம், அகலம், திரும்பும் வேகம். கம்பி அதை ஏறக்குறையத் தொடுவதே இல்லை. அதில் முன் டயர்கள் எவ்வளவு, பின் டயர்கள் எவ்வளவு என்ற பங்கீட்டை மட்டும் மாற்றுகிறது. ஒரு ஜோடி டயரில் ஒன்று மிக அமுங்கி மற்றது லேசாகிவிட்டால், இரண்டும் சேர்ந்து தரும் பிடி குறையும். ஆகவே பின்னால் தடித்த கம்பி போட்டால் பின்பிடி கூடாது, குறையும். அதற்கு ஈடாக முன்பிடி கூடும். முன்சக்கரம் இழுக்கும் காடி வளைவில் மூக்கை வெளியே தள்ளிக்கொண்டு போகும் குணம் தணிகிறது. ஸ்டியரிங் திருப்பியதும் காடி திரும்புகிறது. "ஒட்டிக்கும்" என்று பையன்கள் சொல்வது இந்த உணர்வைத்தான். உண்மையில் பின்பக்கம் ஒட்டுவதை விட்டுக்கொடுத்துத்தான் முன்பக்கம் ஒட்டுகிறது.

தொழிற்சாலைக்காரன் பின்கம்பியை மெல்லியதாக வைத்ததும், பல மாடல்களில் வைக்காமலே விட்டதும் கஞ்சத்தனம் மட்டும் இல்லை. மூக்கு தள்ளும் காடியில் பயந்துபோன ஓட்டுநர் காலை எடுத்தால் அது மெதுவாகி வழிக்கு வரும். பின்பிடி குறைந்த காடியில், மழை பெய்த சாலையில், வளைவின் நடுவே பயந்து காலை எடுத்தால் பாரம் முன்னால் ஓடி, பின்பக்கம் சுழன்று முன்னால் வரப் பார்க்கும். நம் ஊரில் எந்தச் சாயங்காலம் மழை பெய்யாது?

தடிமன் கணக்கும் ஏமாற்றும். கெட்டியான கம்பியின் முறுக்கு எதிர்ப்பு அதன் விட்டத்தின் நான்காம் மடிக்கு ஏற்ப உயரும். 16 மில்லிமீட்டருக்குப் பதில் 19 மில்லிமீட்டர் போட்டால் வித்தியாசம் மூன்றே மில்லிமீட்டர்தான். இறுக்கமோ ஏறக்குறைய இரண்டு மடங்கு. "சும்மா ஒரு சைஸ் பெருசு" என்பதற்கு இதுதான் அர்த்தம்.

மாட்டுவதில் உள்ள ஒவ்வொரு பழக்கத்துக்குப் பின்னாலும் ஒரு காரணம் இருக்கிறது. ஒரு பக்கம் மட்டும் ஜாக் போட்டு மாட்டினால் கம்பி மாட்டும்போதே முறுக்கிக்கொள்ளும், அதனால் இரண்டு பக்கமும் சமமாகத் தூக்க வேண்டும். புஷ்ஷுக்குக் கிரீஸ் பூசுவது சத்தம் வராமல் இருக்க மட்டும் இல்லை, கம்பி தடையில்லாமல் சுழலவும்தான். நட்டுகளின் கடைசி இறுக்கத்தைச் சக்கரம் தரையில் நின்று பாரம் ஏறிய பிறகு கொடுப்பது, காடியின் இயல்பான உயரமே புஷ்ஷுக்குச் சும்மா இருக்கும் நிலையாக வேண்டும் என்பதால். எக்சோஸிலும் பிரேக் ஹோஸிலும் உரசுகிறதா என்று பார்ப்பதும், கொஞ்ச நாள் ஓட்டிவிட்டு மறுபடி இறுக்குவதும் விட்டுவிடக் கூடாதவை. நல்ல பொமென் இதையெல்லாம் பழக்கத்திலேயே செய்துவிடுவார். கூடவே ஒன்றைச் செய்வார்: பின்டயர் தேய்ந்திருந்தால் கம்பியை மாட்ட மாட்டார். "மொதல்ல டயரு மாத்துப்பா, அப்புறம் வா." காரணத்தை அவர் விளக்காமல் இருக்கலாம். கை அறிந்திருக்கும்.

கையால் கடத்தப்படும் அறிவின் பலமும் பலவீனமும் இதுதான். 'எப்படி' என்பது பத்திரமாக வந்து சேரும். 'ஏன்' என்பது வழியில் உதிர்ந்துவிடும். பழைய பட்டறையில் அந்தக் கை கூடவே இருந்தது, அதனால் உதிர்ந்தது தெரியவில்லை. பெட்டியில் கம்பி வரும்போது கை வருவதில்லை. பெட்டிக்குள் இருக்கும் தாளில் தமிழும் இல்லை. நம் தமிழ்ப்பள்ளி ஆறாம் ஆண்டோடு முடிகிறது. முறுக்குவிசை, உராய்வு, பாரமையம் என்ற சொற்கள் பாடத்தில் வரும் வயதில் தமிழ் நமக்குப் பாடமொழியாக இல்லை. காடியின் அமைப்பை மாற்றச் சாலைப் போக்குவரத்து இலாகாவின் அனுமதி வேண்டும் என்கிறது 1987ஆம் ஆண்டுச் சட்டம். அதனால் பல மாற்றங்கள் மறைவிலேயே நடந்து, மறைவிலேயே பேசப்படுகின்றன.

மலேசியத் தமிழ் இலக்கியம் ரப்பர் மரத்தை எழுதிய அளவுக்கு ஸ்பேனரை எழுதவில்லை என்பது என் குறை. தோட்டத்தை விட்டு வந்தவர்களின் பிள்ளைகள் நாற்பது வருஷமாக எங்கே நின்று வேர்வை சிந்தினார்கள் என்பதற்கு நம்மிடம் சாட்சியம் குறைவு. எழுதியிருந்தால் கதையோடு சேர்ந்து காரணமும் தங்கியிருக்கும். உலு யாமில் மழையில் இறங்கிக்கொண்டிருக்கும் பத்தொன்பது வயதுப் பையனுக்குத் தேவைப்படுவது அந்தக் காரணம்தான். பின்னால் போட்ட கம்பி பாரத்தைக் குறைக்கவில்லை, வேறு டயரிடம் கொடுத்திருக்கிறது என்ற ஒரு வரியை அவன் மொழியில் யாராவது சொல்லியிருந்தால், அவன் வளைவுக்குள் போன பிறகு இல்லாமல், போவதற்கு முன்பே காலை எடுத்திருப்பான்.