படியாளின் சட்டியில் என்ன இருந்தது?

படியாள் என்ற சொல்லுக்குள்ளேயே கூலி இருக்கிறது. படியால் அளந்து கொடுத்த தானியத்துக்காக ஆண்டையின் நிலத்தோடு கட்டப்பட்டவர் படியாள். 1916ல் சென்னைப் பல்கலைக்கழகப் பொருளாதாரப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் தம் மாணவர்களைக் கிராமங்களுக்கு அனுப்பி ஆய்வு செய்ய வைத்தார். அதில் ஒன்று தென்னார்க்காட்டு இருவேல்பட்டு. கடனுக்குக் கட்டுண்ட படியாட்களின் நிலை அந்த ஆய்வில் பதிவாகியிருக்கிறது. நெய்வேலியும் அதே பழைய தென்னார்க்காடுதான். இந்த மண்ணின் சேரி மக்கள் எதைத் தின்று இத்தனை தலைமுறை வேலை செய்தார்கள் என்ற கேள்வியை நம் வரலாற்று நூல்கள் அதிகம் கேட்பதில்லை.

தோழர்களே, ஒரு சின்னக் கணக்கு போடுவோம். ஒரு கிலோ நெல்லைக் குத்தினால் முக்கால் கிலோவுக்கும் குறைவான அரிசிதான் தேறும். அது ஏறக்குறைய 2,300 கலோரி. நாள் முழுக்கக் கடும் உடலுழைப்பு செய்யும் ஓர் ஆணுக்கு மட்டும் சுமார் 3,500 கலோரி வேண்டும். பெண்ணுக்கு 2,700. குழந்தைகளை நான் இன்னும் எண்ணவே இல்லை. 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டதற்குப் பின்னால் இருந்த கூலிக் கோரிக்கை அரைப்படி நெல். அந்த அரைப்படியை இந்தக் கணக்கோடு வைத்துப் பாருங்கள்.

கலோரி போதாதபோது உடல் என்ன செய்யும்? சோற்றின் மாவுச்சத்து குடலில் குளுக்கோஸாக உடைந்து ரத்தத்தில் கலக்கிறது. தசைக்கும் மூளைக்கும் அதுதான் எரிபொருள். அது தீர்ந்தால் சேமித்த கொழுப்பு கரையும். கூடவே தசையின் புரதமும் எரியத் தொடங்கும். வீட்டில் விறகில்லாமல் கூரைக் கம்பை உருவி அடுப்பில் வைப்பது போன்றது இது. அரைவயிற்றுக்காரருக்குக் கொஞ்சம் பருப்பு கிடைத்தாலும் அதன் புரதம் உடலைக் கட்டப் போவதில்லை, அன்றைய நடவு வேலைக்கே எரிந்துவிடுகிறது.

சோற்றில் புரதமே இல்லையா என்று கேட்பீர்கள். 100 கிராம் அரிசியில் 7 கிராம் அளவுக்கு உண்டு. ஆனால் உடலால் தானே செய்துகொள்ள முடியாத அமினோ அமிலங்களில் ஒன்றான லைசின் அரிசியில் குறைவு. பருப்பில் அது நிறைய. சோறும் பருப்பும் சேர்ந்தால் ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்பும். கூலியில் நெல் அளந்தார்கள், பருப்பை யார் அளந்தார்கள்?

அந்த இடத்தை நிரப்பியது வயல் நத்தை, வரப்பு நண்டு, ஏரி மீன், எலி, மாட்டுக்கறி, அதன் உப்புக்கண்டம். 'தீட்டு' என்று ஊர் ஒதுக்கிய பட்டியல் இது. இறைச்சியில் இருக்கும் ஹீம் வகை இரும்புச்சத்தைக் குடல் எளிதில் உறிஞ்சிக்கொள்கிறது. கீரை, தானியத்தின் இரும்பில் சிறு பங்குதான் ரத்தத்தில் சேரும். கூடப் புளிப்பான பழமோ நெல்லியோ சாப்பிட்டால் கொஞ்சம் கூடும், டீ குடித்தால் குறையும். இதைச் சொல்லும்போது பெருமையாக மட்டும் பேசிவிடக் கூடாது. செத்த மாட்டைத் தின்னும் கட்டாயத்தை உதறும்படி 1927ல் மகாடில் அம்பேத்கர் கேட்டுக்கொண்டார். சத்தான உணவு என்பதும் சாதி திணித்த இழிவு என்பதும் ஒரே சட்டியில்தான் வெந்தன.

கேழ்வரகுக் கூழும் அப்படித்தான். ஏழைச் சாப்பாடு என்று ஏளனம் செய்யப்பட்டது. 100 கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம், அரிசியில் பத்து சொச்சம். புழுங்கல் அரிசியின் கதையும் உண்டு. நெல்லை அவிக்கும்போது தவிட்டில் இருக்கும் தயமின் அரிசிக்குள் இறங்குகிறது. குளுக்கோஸை ஆற்றலாக மாற்ற அந்த வைட்டமின் இல்லாமல் ஆகாது. மில்லில் தீட்டிய பச்சரிசி பரவிய ஆந்திரக் கடற்கரையில் பெரிபெரி நோய் தாக்கியபோது புழுங்கல் அரிசிக்காரர்கள் பெரும்பாலும் தப்பினார்கள்.

குன்னூர் ஆய்வகத்தில் ராபர்ட் மெக்காரிசன் 1920களில் எலிகளுக்கு இந்தியாவின் பல பகுதி உணவுகளைக் கொடுத்துப் பார்த்தார். கோதுமை, பால், காய்கறி தின்ற வடமேற்கு வகை எலிகள் கொழுத்தன, 'மதராசி' உணவு எலிகள் நோஞ்சானாயின. முக்கியமான ஆய்வுதான். ஆனால் அக்ரகாரத்து இலையும் சேரிச் சட்டியும் ஒரே 'மதராசி உணவு' ஆகிவிடுமா? அந்த ஆய்வு பிரதேசத்தைப் பார்த்தது, சாதியைப் பார்க்கவில்லை.

1956ல் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் உருவானது, அடுத்த ஆண்டே சுரங்க வேலை தொடங்கியது. பட்டா வைத்திருந்தவருக்கு நஷ்டஈடு என்று ஏதோ ஒரு கணக்காவது இருந்தது. ஏரியிலும் வரப்பிலும் புறம்போக்கிலும் கிடைத்த நத்தைக்கும் கீரைக்கும் பட்டா ஏது? கூலியாகவும் இல்லாமல் சொத்தாகவும் இல்லாமல் வந்துகொண்டிருந்த புரதமும் இரும்பும் எந்த இழப்பீட்டுப் பட்டியலிலும் ஏற வழியில்லை. 2023 ஜூலையில் வளையமாதேவியில் வாய்க்கால் வெட்ட நின்ற நெற்பயிரை இயந்திரம் ஏறி அழித்ததை நாடே பார்த்தது. அப்போதும் பேச்சு நில உரிமையாளரைச் சுற்றித்தான் இருந்தது.

பள்ளி உணவு இந்த வரலாற்றின் மறுபக்கம். 1920ல் சென்னை ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளி, 1956ல் காமராசர், 1982ல் எம்.ஜி.ஆர்., 1989ல் கலைஞர் ஆட்சியில் இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை. அந்த ஒரு முட்டையில் 6 கிராம் புரதம், எல்லா அமினோ அமிலங்களும் சரியான அளவில். ஆனாலும் 2018ல் திருப்பூர் மாவட்டம் திருமலைக்கவுண்டன்பாளையம் பள்ளியில் தலித் பெண் சமைக்கக் கூடாது என்று சாதி இந்துக்கள் தடுத்தார்கள், வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் பதிவானது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53 சதவீதம் பேருக்கு ரத்தசோகை.

நெய்வேலி சுற்றுவட்டார மாணவர்களிடம் ஒரு வேலை கேட்கிறேன். உங்கள் பாட்டிகள் சித்திரையில் என்ன தின்றார்கள், ஐப்பசி மழையில் என்ன தின்றார்கள், அது எந்த ஏரியிலிருந்து வந்தது, அந்த ஏரி இப்போது எந்தச் சுரங்கத்துக்குள் இருக்கிறது என்று மாதவாரியாக எழுதி வாங்குங்கள். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017ல் வெளியிட்ட உணவுச் சத்து அட்டவணையைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.