எக்ஸ்பிக்குப் பின்: குமரி எல்லையின் இருபுறமும் பழைய கணினிகள்

விண்டோஸ் எக்ஸ்பி 2001 அக்டோபர் 25இல் வெளிவந்தது. அதற்கான பாதுகாப்புப் புதுப்பிப்புகளை மைக்ரோசாஃப்ட் 2014 ஏப்ரல் 8ஆம் தேதியுடன் நிறுத்தியது. அதை முன்னிட்டு, அலுவலகக் கணினிகளை பாஸ் லினக்சுக்கு மாற்றுமாறு தமிழ்நாடு அரசு தன் துறைகளை அறிவுறுத்தியது. டெபியன் லினக்சை அடிப்படையாகக் கொண்டு சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ், 2007 முதல் வெளிவருகிறது. அதற்கு உரிமக் கட்டணம் இல்லை. தமிழ் இடைமுகமும் உண்டு. ஆனாலும் எக்ஸ்பி எளிதில் விலகவில்லை.

அதற்கு விலை மட்டும் காரணமன்று. தமிழ் எழுத்துருக்களும் காரணம். குமரி மாவட்டத்தின் நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் போன்ற ஊர்களின் டிடிபி மையங்களிலும் அச்சகங்களிலும் வேலை நடந்தது பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில். அதன் கடைசிப் பதிப்பான 7.0 வந்தது 2001இல். யூனிகோடு தமிழ் அதற்குத் தெரியாது. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை ஏற்றிய எழுத்துருக்களைக் கொண்டே திருமண அழைப்பிதழும் கோயில் கொடை நோட்டீசும் அடிக்கப்பட்டன. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் கோப்பைத் திறந்தால் தமிழ் இருக்காது, பொருளற்ற ஆங்கிலக் குறிகளே தெரியும். 2010 ஜூனில் தமிழ்நாடு அரசு யூனிகோடை ஏற்றபோது பல ஆண்டுக் கோப்புகள் பழைய குறியாக்கத்தில் குவிந்திருந்தன. இயங்குதளத்தை மாற்றுவது ஓர் அச்சகத்துக்குத் தன் சேமிப்பையே மாற்றுவதாகும். பேரலல் போர்ட்டில் இயங்கிய பழைய லேசர் பிரிண்டரும் சேர்ந்தால், எக்ஸ்பியை வைத்துக்கொள்வதே லாபமாகத் தெரிந்தது.

எல்லையிலுள்ள களியக்காவிளையைத் தாண்டிக் கேரளத்தின் பாறசாலைக்குப் போனால் நிலைமை வேறு. 1956 வரை இரு ஊர்களும் ஒரே ஆட்சியின்கீழ் இருந்தவை. 2001இல் ஐ.டி. அட் ஸ்கூல் திட்டத்தைத் தொடங்கிய கேரளம், அந்தப் பத்தாண்டுக்குள்ளேயே பள்ளிக் கணினிக் கல்வியைக் கட்டற்ற மென்பொருளுக்கு நகர்த்தியது. அத்திட்டம் 2017இல் கைட் நிறுவனமானது, உபுண்டு 18.04ஐ ஒட்டிய அதன் லினக்ஸ் பதிப்பு 2019இல் பள்ளிகளுக்குச் சென்றது. எக்ஸ்பி முடிந்த நாள் அப்பள்ளிகளுக்கு ஒரு நெருக்கடியாக இருக்கவில்லை. தமிழகத்திலும் 2011 செப்டம்பர் 15இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் தொடக்கக் கணினிகளில் விண்டோஸுடன் பாஸ் லினக்சும் இருந்தது. பாடமும் தேர்வும் பயிற்சியும் சேர்ந்து வராததால் அது பெரும்பாலும் திறக்கப்படாமலே கிடந்தது.

ஆதரவு இருந்தால் மட்டும் போதாது என்பதை 2017 மே 12இல் பரவிய வான்னாகிரை என்ற பணயத் தீநிரல் காட்டியது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14ஆம் தேதியே வெளியிட்டிருந்தது. அதிகம் தாக்கப்பட்டவை ஆதரவிழந்த எக்ஸ்பி கணினிகள் அல்ல, ஆதரவு பெற்றுவந்த விண்டோஸ் 7 கணினிகளே. உரிமமில்லாப் பிரதி என்ற எச்சரிக்கை திரையில் வரக்கூடாது என்று தானியங்கிப் புதுப்பிப்பை அணைத்துவைப்பது இங்கு ஊரறிந்த வழக்கம். ஏ.டி.எம். இயந்திரங்களிலும் எக்ஸ்பி நீடித்தது. 2019 ஜூனுக்குள் அனைத்தையும் மேம்படுத்துமாறு ரிசர்வ் வங்கி 2018 ஜூனில் வங்கிகளுக்குக் கெடு விதித்தது.

விண்டோஸ் 7க்கான ஆதரவு 2020 ஜனவரி 14இல் முடிந்தது. அதில் இயங்கும் கடைசி குரோம் 109ஆம் பதிப்பு. விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14இல் நின்றது. பதிவுசெய்த வீட்டுக் கணினிகளுக்கு மேலும் ஓராண்டு திருத்தங்கள் கிடைக்கின்றன. விண்டோஸ் 11 டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லைக் கேட்கிறது. இன்டெலில் பொதுவாக எட்டாம் தலைமுறைச் செயலியும் வேண்டும். 2011இன் மடிக்கணினி அந்த வாசலில் நுழையாது.

லினக்சும் எல்லாப் பழைய கணினிகளையும் தாங்குவதில்லை. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13ஐ 32 பிட் கணினிகளில் புதிதாக நிறுவ முடியாது. முந்தைய 12ஆம் பதிப்புக்கு 2028 ஜூன் வரை நீண்டகால ஆதரவு உண்டு. ஆகவே 64 பிட் செயலியுள்ள பழைய கணினியைக் கழிக்க வேண்டியதில்லை, லினக்ஸ் ஏற்றி இணையத்தில் பயன்படுத்தலாம். பேஜ்மேக்கருக்காகவே வைத்திருக்கும் எக்ஸ்பி கணினியின் இணைய இணைப்பைத் துண்டித்துவிட வேண்டும்.