தாக்குதலுக்குப் பின் கடையை மீண்டும் திறக்க: முஸ்லிம் வணிகர்கள் முன்கூட்டியே செய்து வைக்க வேண்டியவை

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு அன்று இலங்கையில் தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் நடந்த தற்கொலைத் தாக்குதல்களில் 260க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். அந்தக் கொடூரத்தை முஸ்லிம் சமூகம் முழுமையாகக் கண்டித்தது. தாக்குதல்தாரிகளின் உடல்களைப் பொறுப்பேற்க மாட்டோம் என்று அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமா அறிவித்தது. ஆனாலும் மூன்று வாரங்கள் கழித்து, மே 12, 13ஆம் திகதிகளில், குளியாப்பிட்டி, ஹெட்டிபொல, மினுவாங்கொடை போன்ற இடங்களில் முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன.

அது ரமழானின் முதல் வாரம். பெருநாள் வியாபாரத்துக்குச் சரக்கு இறக்கும் காலம். பயங்கரவாதம் நம் வியாபாரத்தை இரண்டு முறை அடிக்கும் என்பதை அந்த மூன்று வாரங்கள் காட்டின. குண்டு முதல் அடி. அதற்குப் பின்னால் வரும் ஊரடங்கு, வன்செயல், புறக்கணிப்பு எல்லாம் இரண்டாவது அடி. நம் குடும்பங்கள் திட்டமிட வேண்டியது பெரும்பாலும் இந்த இரண்டாவதுக்குத்தான்.

பெரிய வங்கிகளும் கம்பனிகளும் ‘வணிகத் தொடர்ச்சித் திட்டம்’ என்று ஒன்றை எழுதி வைத்திருக்கும். கடை மூடப்பட்டால் எத்தனை நாளில், எங்கிருந்து, யாரை வைத்து, எந்தப் பணத்தில் மீண்டும் தொடங்குவது என்பதே அதன் சாரம். ஒரு புடவைக் கடைக்கோ பேக்கரிக்கோ இரண்டு தாள்களில் எழுதிவிடலாம்.

முதலில் காப்புறுதியைப் பார்ப்போம். நம்மவர் அதிகம் ஏமாறுவது இங்கேதான். தீக் காப்புறுதி எடுத்திருக்கிறோம், கடை எரிந்தால் பணம் வரும் என்று நினைக்கிறோம். இலங்கையில் கலகத்தாலும் பயங்கரவாதத்தாலும் வரும் இழப்புக்கு அந்தப் பத்திரத்துடன் தனி இணைப்பு எடுத்திருக்க வேண்டும். வேலைநிறுத்தம், கலகம், உள்நாட்டுக் குழப்பம், பயங்கரவாதம் ஆகியவற்றுக்கான அந்தக் காப்பு அரசின் தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியத்தின் கீழ் வருகிறது. இணைப்பு இல்லையென்றால், கும்பல் வைத்த தீக்குப் பணம் கிடைக்காமல் போகலாம். வட்டி, ஐயப்பாடு காரணமாகச் சாதாரணக் காப்புறுதியைத் தவிர்ப்பவர்கள் தகாபுல் எடுக்கிறார்கள். அங்கும் இதே கேள்வியைக் கேளுங்கள். முகவர் வாயால் சொல்வது போதாது, பத்திரத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

அடுத்தது தொகை. ஒரு கோடி ரூபாய் சரக்கை 40 லட்சத்துக்குப் பதிந்திருந்து, 50 லட்ச ரூபாய் சரக்கு எரிந்தால், 40 லட்சம் வராது. குறைவாகப் பதிந்த விகிதத்திலேயே கணக்கிடுவார்கள். 50 லட்சத்தில் 40 வீதம், அதாவது 20 லட்சம்தான் கிடைக்கும். சாதாரண மாதங்களின் சரக்கை வைத்துத் தொகை எழுதியவருக்கு ரமழானில் இந்த அடி விழும். நோன்புக்கு முன்பே பெருநாள் சரக்குக்கு ஏற்பத் தொகையைக் கூட்டிக் கேட்பது நல்லது.

கடைக்கு ஒரு கீறல்கூட விழாமலும் நட்டம் வரும். 2017 ஜூன் 3 இரவு லண்டன் பாலத்திலும் பரோ மார்க்கெட்டிலும் தாக்குதல் நடந்தது. விசாரணைக்காகச் சந்தை 11 நாட்கள் மூடப்பட்டது. உணவுப் பொருட்கள் அழுகின, வருமானம் நின்றது. ஆனால் பல வியாபாரிகளின் காப்புறுதியில், கட்டடமோ பொருளோ சேதமடைந்தால் மட்டுமே வருமான இழப்புக்குப் பணம் என்று இருந்தது. இந்த ஓட்டையை அடைக்க பிரிட்டன் 2019இல் சட்டத்தையே மாற்ற வேண்டி வந்தது. நம் ஊரில் ஊரடங்கு நாட்களுக்கு யாரும் பணம் தரப்போவதில்லை என்று எண்ணி, ஒரு மாத வாடகையையும் சம்பளத்தையும் தனியே ஒதுக்கி வைப்பதே பாதுகாப்பு. புறக்கணிப்பால் வாடிக்கையாளர் குறைவதற்கும் காப்புறுதி கிடையாது.

இனி, கடன் கொப்பி. கடையோடு அது எரிந்தால் நமக்கு வரவேண்டியது போய்விடும், புறக்கோட்டை மொத்த வியாபாரிக்கு நாம் கொடுக்க வேண்டியது மட்டும் நிற்கும். கடனை எழுதி வைக்கச் சொல்லும் சூரத்துல் பகராவின் 282ஆம் வசனம் குர்ஆனிலேயே நீளமான வசனம். எழுதுகிறோம், ஆனால் ஒரே பிரதியைக் கல்லாப்பெட்டியில் வைக்கிறோம். வாரம் ஒருமுறை, வியாழன் இரவு என்று வைத்துக்கொள்ளலாம், கொப்பியின் பக்கங்களைப் படமெடுத்து வேறு ஊரிலுள்ள உறவினருக்கு அனுப்பிவிடுங்கள். வியாபாரப் பதிவு, குத்தகை ஒப்பந்தம், காப்புறுதிப் பத்திரம், சரக்கு வாங்கிய பில்கள் ஆகியவற்றின் பிரதியும் அங்கே இருக்கட்டும். கமரா பதிவுப் பெட்டியும் கடைக்குள்ளேயே இருந்தால் தீயோடு சாட்சியும் போகும்.

வாட்ஸ்அப் குழு ஒன்றை மட்டும் நம்ப வேண்டாம். 2019இல் ஏப்ரலிலும் மே மாதத்திலும் அரசு சமூக ஊடகங்களை முடக்கியது. ஊழியர், பொலிஸ் நிலையம், தீயணைப்பு, பள்ளிவாசல் நிர்வாகம், பக்கத்துக் கடைக்காரர் ஆகியோரின் எண்களைத் தாளில் எழுதி வைத்திருங்கள். பக்கத்துக் கடைக்காரர் சிங்களவரோ தமிழரோ, அவருடைய எண் நம்மிடமும் நம்முடையது அவரிடமும் இருக்க வேண்டும். ஊர் வர்த்தக சங்கத்தில் சந்தா மட்டும் கட்டிவிட்டுக் கூட்டத்துக்குப் போகாதவர்கள் நம்மில் அதிகம். பதற்ற நாளில் பொலிஸிடம் சங்கமாகப் போய்ப் பேச அந்த உறவு தேவைப்படும்.

பதற்றம் தெரிந்தால் கடையை மூடும் முடிவை யார் எடுப்பது என்பதும் எழுதப்பட்டிருக்கட்டும். முதலாளி உம்ராவில் இருக்கலாம். பணம், கொப்பி, பத்திரங்களுடன் ஊழியர்கள் வெளியேற வேண்டும். இளைஞர்களைக் காவலுக்கு நிறுத்தக் கூடாது. சரக்குக்காக ஒரு பிள்ளையின் உயிரைப் பணயம் வைக்க நமக்கு உரிமையில்லை.

சேதம் நடந்துவிட்டால், பொலிஸார் அனுமதித்த பின் உள்ளே சென்று, எதையும் கூட்டிப் பெருக்குமுன் எல்லாவற்றையும் படமெடுங்கள். அன்றே பொலிஸில் முறைப்பாடு செய்து அதன் பிரதியை வாங்குங்கள். காப்புறுதி நிறுவனத்துக்கு எழுத்தில் அறிவியுங்கள். மதிப்பீட்டாளர் வந்து பார்க்கும் வரை எரிந்த சரக்கை அப்புறப்படுத்த வேண்டாம்.